சந்தோஷத்துக்கு மட்டும் ஓட்ட வேண்டிய கார்

லெக்சிங்டன், மிச்சிகன்
ஏப்ரல் முதல் வாரம்

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். அலாஸ்காக் கடலும் நீ வேலை பார்க்கிற அந்த நண்டு பிடிக்கும் படகும் உன்னைக் கொஞ்சமாவது மரியாதையாக நடத்துகின்றன என்று நம்புகிறேன். ஏரியில் பனி உடையத் தொடங்கிவிட்டது. காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால், தூரத்தில் யாரோ கண்ணாடித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருப்பது போலச் சத்தம் கேட்கிறது. அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதலில் அவர் எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன். "காரை விக்கல. விக்கப் போறதும் இல்ல. அவனுக்கு அதை மட்டும் எழுது, வேற கதை எதுவும் வேண்டாம்" என்றார். எழுதியாகிவிட்டது. இனி வருவதெல்லாம் என் கதை.

அப்பாவின் கண் இன்னும் மோசமாகவில்லை, சரியாகவும் இல்லை. நடுவில் இருப்பது எதுவும் தெரிவதில்லை, ஓரத்தில் இருப்பது தெரிகிறது. தட்டைப் பார்க்க வேண்டுமானால் உப்பு டப்பாவைப் பார்க்கிறார். என்னைப் பார்க்க வேண்டுமானால் அலமாரியைப் பார்க்கிறார். கல்யாணமான இத்தனை வருடத்தில் என்னை இவ்வளவு கவனமாக அவர் பார்த்ததே இல்லை என்று சொன்னேன், சிரித்தார். கார் பேச்சு வந்தால் மட்டும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

போன அக்டோபரில் அவர் நம் பழைய பாண்டியாக் காரைக் கொண்டுபோய் எதிர்வீட்டுத் தபால் பெட்டியில் இடித்ததும், நீ போனில் "சாவியைப் பிடுங்கி வெச்சுட்டு வண்டியை வித்துடும்மா" என்று கத்தியதும், அப்போது போனைக் காதில் வைத்திருந்தது நான் அல்ல, அவர் என்பதும் உனக்கு மறந்திருக்காது. நீ பயத்தில்தான் கத்தினாய், எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் போனைத் தொடவே இல்லை. மணி அடித்தால் எழுந்து கராஜுக்குப் போய்விடுகிறார்.

இப்போது விஷயம் என்னவென்றால், காரின் இன்சூரன்ஸ் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. ஓட்டுபவர் என்று அப்பா பெயர் மட்டும்தான் அதில் இருக்கிறது, அதை இனி அப்படியே புதுப்பிக்க முடியாது. டோரீன் வந்திருந்தாள். உன் வகுப்பில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு வருவாளே, அந்த டோரீன்தான். இன்றைக்கு ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மூன்று வழி இருக்கிறது என்றாள். சாதாரணப் பாலிசி எடுக்கலாம், ஆனால் கார் நொறுங்கினால் பழைய இரும்பின் விலைதான் வரும். இரண்டாவது, இந்த மாதிரிப் பழைய கார்களுக்கென்றே உள்ள பாலிசி. கார் என்ன பெறும் என்று நாமும் கம்பெனியும் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்ள வேண்டும், நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தத் தொகை அப்படியே வரும். ஆனால் அதற்கு ஆயிரம் சட்டம். பூட்டிய கராஜில் நிற்க வேண்டும். பனிக்காலம் முழுக்கத் தூங்க வேண்டும். வேலைக்குப் போகக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், சும்மா ஒரு சுற்று, இதற்கு மட்டும்தான் எடுக்கலாம். "சந்தோஷத்துக்கு மட்டும்தான் ஓட்டணும், மிஸஸ் நோவாக்" என்றாள் டோரீன், மருந்துச் சீட்டு எழுதித் தருகிறவள் போல.

மூன்றாவது, காரை ஓட்டவே போவதில்லை என்று எழுதிக் கொடுப்பது. தீப்பிடித்தால், திருடு போனால், கூரை இடிந்தால் மட்டும் பணம் வரும். அப்பா யோசிக்கவே இல்லை. "அதுதான் நமக்கு. ஓடாத வண்டிக்கு வேற என்ன வந்துடப் போகுது" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை, ரஸ்ஸல். ஏற்கெனவே சாயங்காலமானால் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார். சாப்பாட்டுக்கு நான் போய் ஜன்னலைத் தட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பாலிசியில் கையெழுத்துப் போட்டால் கார் அதன் பிறகு வெளியே வராது. அவரும் வர மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான்.

டோரீனிடம் மாதக் கடைசி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். நடுவில் எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. மதியத்தில் என் சிநேகிதி ரூத் வந்து என்னைச் சர்ச்சுக்கு அழைத்துப் போகிறாள். பிரார்த்தனைக்கு அல்ல. ரூத் ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் என்பதையும், சர்ச் பின்னால் காலி மைதானம் இருப்பதையும் மட்டும் சொல்லிவைக்கிறேன். நீயே ஊகித்துக்கொள், அப்பாவிடம் மூச்சு விடாதே. அவரோடு நீ பேசுவதே இல்லை என்பதால் அந்தக் கவலை எனக்கு இல்லை.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள், பெட்டியில் வைத்து அழகு பார்க்காதே. கடவுள் உன் படகைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அம்மா

லெக்சிங்டன்
ஜூன் மாதக் கடைசி

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

உன் தபால் அட்டை வந்தது. "கார் என்ன ஆச்சு?" என்று ஒரே ஒரு வரி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டு, அட்டையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டையைத் துவைக்கப் போட அவரிடம் மன்றாட வேண்டியிருந்தது.

கார் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் டோரீன் காகிதங்களோடு வந்தாள். ருபார்ப் தண்டு வைத்த இனிப்பு ‘பை’ சுட்டிருந்தேன். அப்பா மூன்றாவது பாலிசியை நீட்டச் சொன்னார். நான் நடுவில் புகுந்து, அந்த இரண்டாவது பாலிசிக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஓட்டுபவர் ஒருவர் வேண்டும், அவருக்குத் தினப்படி ஓட்ட வேறு கார் ஒன்று சொந்தமாக இருக்க வேண்டும் என்றாள். தானாகவே கியர் மாறுகிற என் பியூக் கார் இருக்கிறதே, என் பெயரை எழுது என்றேன். அப்பா சிரித்தாரே ஒரு சிரிப்பு. "கிளட்சுன்னு ஒண்ணு இருக்குன்னு உனக்குத் தெரியுமா வெர்னா? அது இடது கால்ல இருக்கு" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.

ரூத் நல்ல வாத்தியார், அவளுடைய பழைய லாரியில் பழகியவளுக்குப் பாண்டியாக் வெண்ணெய் மாதிரி. கராஜிலிருந்து பின்னால் எடுத்து, வீட்டைச் சுற்றி, ஏரி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தேன். அப்பா வாசலில் வந்து நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்து என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இறங்கினதும், "மூணாவது கியருக்கு லேட்டா மாத்தற" என்றார். உள்ளே போய் மூன்றாவது பாலிசியை டோரீன் பக்கம் தள்ளிவைத்தார்.

அப்புறம் விலை பேச வேண்டியிருந்தது. "இந்தக் கார் என்ன பெறும்னு நீங்க சொல்றீங்க, மிஸ்டர் நோவாக்?" என்று கேட்டாள். "அஞ்சு பனிக்காலம் நானும் என் பையனும் அதுக்கு அடியில ஸ்பேனரோட படுத்துக் கிடந்தோம். அதை எந்தக் கட்டத்துல எழுதுவ?" என்றார். டோரீன் பேனாவை மூடிவிட்டு, "அதுக்கு எங்ககிட்ட பாலிசி இல்லையே" என்றாள். "அப்ப நீயே ஒரு விலை போட்டுக்கோ, குறைச்சலா போட்டா ருபார்ப் பை கிடையாது" என்றார். அவள் நியாயமாகத்தான் போட்டாள், இரண்டு துண்டு சாப்பிட்டாள். டாஷ்போர்டுப் பெட்டி மூடியில் இருக்கிற குழியைச் சரிசெய்தால் இன்னும் கூடும் என்றாள். சின்ன வயதில் நீ ஸ்பேனரால் தட்டி உண்டாக்கின குழி. அதில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இப்போது தினமும் சாயங்காலம் வெளியே போகிறோம். எங்கே என்று கேட்காதே, எங்கேயும் இல்லை. எனக்கு முதலில் அது வரவே இல்லை. பிளான்ட்டில் ஷிப்டுக்கு, பல் டாக்டருக்கு, உன்னைக் கொண்டுவிட, மாவு வாங்க என்று ஏதாவது ஒரு காரியம் இல்லாமல் உன் அப்பாவும் நானும் காரில் ஏறினதே கிடையாது. இப்போது காரியம் இருந்தால் ஏறக் கூடாது என்று சட்டம். மேல் கூரையை மடக்கிவிட்டு வடக்கே போகிறோம். ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து ரோட்டுக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது. நாங்கள் அதற்குள் நுழைகிறோம், எனக்கும் ஒன்றும் தெரிவதில்லை, அவருக்கும் தெரிவதில்லை, கொஞ்ச நேரம் இருவரும் சமம். அப்புறம் மூடுபனி விலகும், செர்ரி மரங்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். நான் கண்டதைச் சொல்கிறேன், அவர் கேட்டதைச் சொல்கிறார். என்ஜின் குரல் ஏறினதும் "இப்போ" என்கிறார், நான் கியர் மாற்றுகிறேன். அவருடைய இடது காலும் அந்தப் பக்கம் தரையை மிதிக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு டிரைவர், நினைத்துப் பார். அவர் ரோட்டை நேராகப் பார்த்தால் ஓரத்தில் ஏரி தெரிகிறதாம். முன்பு ஓட்டும்போது ஏரியைப் பார்த்ததே இல்லை என்கிறார்.

சட்டத்தை அவர் எவ்வளவு கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேள். போன வாரம் ரோட்டோரத்தில் ஸ்ட்ராபெர்ரி விற்றார்கள். நிறுத்தினேன். "எடு வண்டியை. இது கடைக்குப் போறதுல சேரும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், இல்லை. பழக்கடைக்காரியிடம் போன் வாங்கி டோரீனைக் கூப்பிட்டேன். அவள் சிரித்து அடங்கினபிறகு, "ஜாம் போட வாங்கறீங்களா, சும்மா வாங்கறீங்களா மிஸஸ் நோவாக்?" என்று கேட்டாள். ஜாமுக்குத்தான் வாங்க நினைத்திருந்தேன். பொய் சொல்ல அப்பா விடவில்லை. கடைசியில் ஒரு கூடை வாங்கி, வீட்டுக்கு ஒன்றுகூட வரக் கூடாது என்று பேசி முடிவு செய்து, ஏரிக்கரையில் காரை நிறுத்தி அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்த்தோம். வாய், கை, அவர் சட்டை எல்லாம் சிவப்பு. இருட்டிக்கொண்டு வந்தது, சரக்குக் கப்பல் ஒன்று விளக்கோடு மெதுவாகப் போனது. ரஸ்ஸல், எனக்கு இவ்வளவு வயதாகிறது, அந்தச் சாயங்காலம் மாதிரி ஒன்று எனக்கு வாய்த்ததில்லை. வாயில் பழத்தோடு அழுதேன். அவர் ஏரியைப் பார்த்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். நேற்று போன் அடித்தது. என் கை முழுக்கப் பாத்திரச் சோப்பு. அப்பா கராஜுக்குப் போகவில்லை. தானே எடுத்தார். டோரீன்தான், ஏதோ காகிதம் பற்றிப் பேச. அவளைப் பேச விடாமல் அப்பா கேட்டார், "இதுல இன்னொரு டிரைவரைச் சேர்க்க முடியுமா?" யார் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். "ஒருத்தன் இருக்கான். இப்ப ஊர்ல இல்ல. கிளட்சை வெடுக்குனு விடுவான், மத்தபடி வண்டியை என்னைவிட நல்லா தெரியும்" என்றார். நான் குழாயை மூடினேன்.

அவனுக்கும் தினப்படி ஓட்ட வேறு வண்டி சொந்தமாக இருக்க வேண்டுமே என்று டோரீன் சொன்னாளாம். உனக்கு அங்கே படகைத் தவிர என்ன இருக்கிறது? அப்பா போனை வைத்துவிட்டு, "வெர்னா, கிளம்பு" என்றார். லைசென்ஸ் ஆபீசுக்குப் போனோம், என் பியூக்கில், அது காரியம் ஆயிற்றே. வீட்டில் சும்மா நிற்கிற அவருடைய பிக்கப் லாரியை உன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் அவர் விரலைப் பிடித்துவைத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம், "இன்சூரன்ஸ் சட்டம், வேற ஒண்ணுமில்ல" என்று நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.

நானும் அப்படியே எழுதுகிறேன். இன்சூரன்ஸ் சட்டம், வேறு ஒன்றுமில்லை. உன் லைசென்ஸ் நம்பரை அனுப்பு. நவம்பரில் பாண்டியாக் தூங்கப் போய்விடும், அதற்குள் உன் படகு உனக்கு லீவு தரட்டும். நீ பத்திரமாக இரு, உன் கையும் காலும் நன்றாக இருக்கட்டும். வருவதானால் ஏரி ரோட்டு வழியாக வா, எந்தக் காரியமும் வைத்துக்கொள்ளாமல் வா. கிளட்சை மட்டும் மெதுவாக விடு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

என்றும் உன்
அம்மா