வீடியோவின் மேல் வரையக் கூடாதாம்

மரக்காணம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஜெனிதாவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் இங்கே சுகம். உன் சளி விட்டது, மங்களூர் ஹாஸ்டல் சாப்பாடு வயிற்றுக்குப் பழகிவிட்டது என்று தெரிந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். நீ கேட்ட வீடியோ இன்னும் வரவில்லையே என்று கோபமாக இருப்பாய். வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. போனில் காரணம் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் தாமதமானாலும் பரவாயில்லை என்று பேப்பரில் எழுதுகிறேன்.

அப்பா உப்பு வாருவதை எடுத்து அனுப்பு, குச்சி மனிதனை வைத்து அனிமேஷன் செய்து போட்டிக்கு அனுப்பப் போகிறேன் என்றாயே, அதை அவரிடம் சொன்னதுதான் தாமதம், ஈஸ்டருக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையையும் வாரிக்கொண்டு உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டார். பக்கத்துப் பாத்தி சேட்டு விடுவாரா, "ஏம்பா மார்ட்டினு, உப்பு வாரப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கத்தினார். அதற்கு வரப்பில் உப்பு சுமந்துகொண்டிருந்த சின்னப்பாப்பா, "சும்மா இருண்ணே, அவரு பொண்ணு நர்சுக்குப் படிக்கப் போயி சினிமா எடுக்குது, இவருதான் ஹீரோ" என்றாள். வரப்பு முழுக்க ஒரே சிரிப்பு. அப்பாவோ போனையே பார்த்துக்கொண்டு, கல்யாண போட்டோவுக்கு நின்ற மாதிரி விறைப்பாக வாரினார். நடுவில் "நல்லாத் தெரியறனா?" என்று வேறு கேட்கிறார்.

வீட்டுக்கு வந்து அனுப்பப் போகும்போதுதான் நீ அனுப்பிய விதிமுறைகள் நினைவுக்கு வந்தன. பதினெட்டு முடியாதவர்களுக்காக அப்பா அம்மா படித்துச் சம்மதம் சொல்ல வேண்டும் என்று இருந்ததே, உனக்கு அக்டோபரில்தானே முடிகிறது. கல்லூரியில் படித்தவள் என்று பெயர் எடுத்துவிட்டு, படிக்காமல் எப்படிச் சம்மதம் சொல்வது? புதிதாகத் தொடங்குகிறவர்கள் மட்டும், குச்சி உருவம் மட்டும், அரை நிமிடத்துக்குள், அடுத்தவர் பாட்டு கூடாது, எல்லாம் சரி. அதற்கும் கீழே, வீடியோ எடுத்து அதன் மேல் கோடு போட்டு வரைந்தது என்று தெரிந்தால் படத்தையே விலக்கிவிடுவார்கள் என்று இருக்கிறது. நீ அதைப் பார்க்கவில்லை போல. "வீடியோவ அடியில வெச்சு மேல வரஞ்சா ஈஸிம்மா" என்று நீதானே சொன்னாய். அனுப்ப எடுத்த போனை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

புதியவர் என்ற விதியும் உறுத்தியது. நாலாவது படிக்கும்போது ஞாயிறு மறைக்கல்விப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு குச்சி மனிதனை வரைந்து, படபடவென்று புரட்டினால் அவன் கோயில் மணிக்கூண்டில் ஏறுகிற மாதிரி செய்தாய். சிஸ்டர் பவுலின் புத்தகத்தைப் பிடுங்கினார், நீ அடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாய், அவரோ கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு "மணி அடிக்கலியேடி இவன்?" என்று கேட்டாராம். அந்த வருஷம் முழுக்க நம் வீட்டில் ஓரம் சுத்தமான புத்தகமே கிடையாது, கேஸ் சிலிண்டர் புத்தகத்தில்கூட ஒருவன் குட்டிக்கரணம் போட்டான். அதெல்லாம் கணக்கில் வராது என்றுதான் அப்பா சொல்கிறார். இருந்தாலும் போட்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

நீ முதலில் செய்து அனுப்பிய துண்டுப் படத்தில் குச்சி மனிதன் உள்ளங்கையால் நெற்றியைத் துடைக்கிறான். உப்புக் கையை யாராவது முகத்துக்குக் கொண்டுபோவார்களா? சின்னதில் பாத்தியில் விளையாடிவிட்டு நீ கண்ணைக் கசக்கி அழுத அழுகைக்கு, அப்பா உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு குடிதண்ணீர்ப் பானைக்கு ஓடினாரே. அவர் தோளைத் தூக்கித்தான் நெற்றி வியர்வையைத் துடைப்பார். கோயிலில் பூசை நேரத்திலும் அப்படித்தான், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் போனை உள்ளே வைத்த பிறகுதான் அவர் எப்போதும்போல வாரினார். அதை எழுதுகிறேன், நீ படித்து வரைந்துகொள். பலகையை எட்டப் போட்டதும் கை இழுக்காது, முதலில் இடுப்புதான் பின்னால் போகும், அப்புறம் வலது கால், கை கடைசியில். பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டார், குதிகாலால் வரப்பைத் தடவிப் பார்த்துத்தான் நிற்பார். நின்றதும் பலகையை ஒரு உதறு. இவ்வளவும் எழுதிவிட்டு, சரிதானா என்று நானே துடைப்பத்தைப் பிடித்து ஹாலில் பின்னால் நடந்து பார்த்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா, "காலு தப்பு, எடது காலு மொதல்ல" என்றார். ஆகவே மேலே வலது என்று இருப்பதை இடது என்று படித்துக்கொள். நீயும் ஹாஸ்டல் வராந்தாவில் ஒரு துடைப்பத்தை எடுத்து நடந்து பார், பெண்கள் சிரித்தால் சிரிக்கட்டும். உன் இடுப்பு எப்போது பின்னால் போகிறது என்று உனக்கே தெரிந்துவிட்டால் எந்த வீடியோவும் வேண்டாம். பரிசு வராவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை ஜெனி, விலக்கிவிட்டார்கள் என்று மட்டும் நீ அழுது போன் பண்ணக் கூடாது. போட்டி முடிந்த மறுநாள் அந்த விறைப்பு வீடியோவோடு, அவருக்குத் தெரியாமல் எப்போதும்போல வாருவதை எடுத்த ஒன்றையும் அனுப்புகிறேன், நீ வரைந்தவனும் அப்பாவும் ஒரே மாதிரி நடக்கிறார்களா என்று மூன்று பேரும் சேர்ந்து பார்ப்போம்.

மாதா உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். ராத்திரி சுடுதண்ணீரில் மஞ்சள் போட்டு ஆவி பிடி, தலையைத் துவட்டாமல் படுக்காதே. கடைசித் தேதி வரை இழுக்காமல் முன்னாடியே அனுப்பிவிடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
சந்தனமேரி மார்ட்டின்