‘மணி என்ன ஆச்சு’ பாடும் முறை

சங்கரன்கோவில்
4.2.2024

அன்புள்ள பெனிட்டா,

வடிவு எழுதுகிறேன். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் உன் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் மூன்று வருஷம் படுத்திருந்த வடிவாம்பாள். உறையின் பின்பக்கம் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால், மிச்சத்தையும் படித்துவிடு.

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கே போய் உன் அண்ணன் ராஜேஷ்குமாரைப் பார்த்தேன். காபி வாங்கிக் கொடுத்தார். உன் போன் நம்பரைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. “தப்பா எடுத்துக்காதீய. குடுக்கக் கூடாதுன்னு தங்கச்சி சொல்லிருக்கா. அட்ரஸ் வேணா தாரேன், அதைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலை” என்றார். அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம்.

ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. ரிஜிஸ்தர் ஆபீசில் வேலையாய் இருக்கும்போதே நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகின்றன. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் “சாவி” என்று வருகிறது. சொன்னது தப்பு என்று அவருக்கே தெரியும். உடனே கோபத்தில் தலையில் அடித்துக்கொள்கிறார்.

வாரம் ஒருநாள் திருநெல்வேலிக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். ஹஸ்னா பானு என்று ஒரு பெண், கெட்டிக்காரி. “பேசுததும் பாடுததும் மூளையில வேற வேற இடம்மா. ஸாருக்குப் பாட்டு இருக்க இடத்துல அவ்வளவா அடிபடலை. நேருக்கு நேர் உக்காந்து பாடுங்க. பாதியில நிறுத்துங்க, மீதியை அவுக பாடட்டும்” என்றாள். நானும் கீர்த்தனை கீர்த்தனையாகப் பாடினேன். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். அவ்வளவுதான்.

போன மாதம் பக்கத்து வீட்டு ரேடியோவில் ‘மணி என்ன ஆச்சு, மல்லிகை கேட்குது’ போட்டான். நான் அடுப்படியில் இருந்தேன். பின்னால் ஒரு ஆண்குரல் வார்த்தை பிசகாமல் பல்லவி முழுக்கப் பாடுகிறது. கரண்டியோடு ஓடிவந்தேன். அவரேதான். பாட்டு முடிந்ததும் மறுபடி “சாவி”.

அன்றிலிருந்து அதை நான் பாடுகிறேன். இரண்டு வரி கேட்டுவிட்டு, இல்லை என்று தலையாட்டுகிறார். இருபது வருஷத்துக்கும் மேலாக வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் சந்நிதியில் பாடுகிறவளுக்கு நான்கு நிமிஷ சினிமாப் பாட்டு வரவில்லை. நீ அதை எத்தனையோ மேடையில் கீபோர்டில் வாசித்தவள். என் தப்பு எங்கே என்று எழுதுவாயா?

உன்,
வடிவு


கோயம்புத்தூர்
13.2.2024

வடிவாம்பாளுக்கு,

அண்ணாச்சிக்கு இப்படி ஆனது தெரியாது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவருக்காகத்தான் இந்தப் பதில்.

2000 ஆவணியில் உன் கல்யாண வரவேற்புக்கு வாசிக்க நீதான் எங்கள் மெல்லிசைக் குழுவைக் கூப்பிட்டாய். உன் பாட்டு வாத்தியார் வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததும், ‘மணி என்ன ஆச்சு’ சரணத்தின் நடுவில், ‘போதும், நிறுத்தச் சொல்’ என்று ஆள் அனுப்பினாய். முந்நூறு பேர் பார்க்க வயரைச் சுருட்டினோம். நீ திரும்பிப் பார்க்கவில்லை. உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். ஸ்பீக்கர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து வேனில் ஏற்றிவிட்டு, “அந்தப் பாட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா” என்று மட்டும் சொன்னார்.

இனி பாட்டுக்கு வருகிறேன்.

நீ தாளம் விழும்போதே தொடங்கிப் பாடுகிறாய். கேட்காமலே சொல்வேன், உன் பழக்கம் அது. இந்தப் பாட்டில் முதல் அடி காலி. அரை அடி தாமதித்துத்தான் ‘மணி’ வரவேண்டும். வாசலில் நிற்கிறவள் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற தயக்கம் அந்த அரை அடியில் இருக்கிறது. அதை விட்டால் கேள்வியே போயிற்று.

அடுத்தது ‘ஆச்சு’. அது காந்தாரத்தில் நேராக நிற்கிற சுரம். அசைக்காதே. எத்தனை ராகம் தெரிந்திருந்தாலும் அசைக்காதே. குரல் அங்கேயே நிற்க, அடியில் பேஸ் கிட்டார் ஸ, நி, த, ப என்று நான்கு படி இறங்கும். சுரம் மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு படியிலும் அது வேறாகக் கேட்கும். முதலில் வெறும் கேள்வி, கடைசியில் ஏக்கம். படம் மூன்று வாரம் ஓடவில்லை. இசையமைத்தவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. அந்த மனுஷர் நான்கு சுரத்தில் செய்ததை நீ குரலை உருட்டி உருட்டிச் செய்யப் பார்க்கிறாய்.

சுருதிப் பெட்டியை அணைத்துவிடு. அது ஒரே சுரத்தில் நிற்கும், அடியில் தரையை நகரவிடாது. ஆர்மோனியத்தில் கீழ் ஸ்தாயியில் அந்த நான்கு சுரத்தை மட்டும் பிடி.

கடைசியாக ஒன்று. உரக்கப் பாடாதே. அது மைக்குக்காகவே கட்டிய பாட்டு. ஒருத்தர் காதுக்குப் பக்கத்தில் சொல்கிற அளவு போதும்.

பெனிட்டா


சங்கரன்கோவில்
27.2.2024

அன்புள்ள பெனிட்டா,

ஸ்பீக்கர் பெட்டி விஷயத்தை அவரிடம் கேட்டேன். சிரித்தார். இருபத்து மூன்று வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார் பார்.

நீ எழுதியபடி செய்யப் போய் நான் பட்ட பாட்டைக் கேள். ‘ஆச்சு’வை நேராக நிறுத்த நான்கு நாள் ஆயிற்று. குரல் தன்னால் ஆடுகிறது. ஆடாமல் பிடித்தால் கட்டை மாதிரி இருக்கிறது. உயிரும் வேண்டும், ஆட்டமும் கூடாது. அந்தப் பாடகி எப்படித்தான் பாடினாளோ! ஒரே பாட்டை நூறு தடவை கேட்டேன். இடையிசை முடியப் போகும்போது வயலின்கள் ஒரு சுரம் குறைத்து நிற்கின்றன. அந்தக் குறையைப் பாடகி வந்துதான் நிரப்புகிறாள். இதையெல்லாம் ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்! டீக்கடையில் கேட்டு நகர்ந்து போகிறவர்களுக்காக!

ஐந்தாம் நாள் காலை, இட்லி சாப்பிட்ட பிறகு, அவர் முன்னால் உட்கார்ந்தேன். அரை அடி விட்டேன். “மணி என்ன…” என்று மெதுவாகப் பாடி நிறுத்தினேன். ஆர்மோனியத்தில் விரல் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. “ஆச்சு” என்றார். அப்புறம் “மல்லிகை கேட்குது” என்று அவராகவே முடித்தார். நான் அழுதேன். அவர் கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தார்.

ஹஸ்னா பானுவுக்கு ஏக சந்தோஷம். “இனி தெனம் வேண்டிய வார்த்தையை இப்படிப் பாட்டாக்குங்க” என்றாள். ‘தண்ணீர் வேண்டும்’ என்பதை மோகனத்தில் போட்டேன். கச்சேரி கேட்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டுவிட்டார். உன்னால் முடியுமா?

அன்றைக்கு நடந்ததற்கு மன்னித்துக்கொள். வாத்தியார் கோபக்காரர், சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அவர் எழுந்து போய்விடுவாரோ என்ற பயம். எனக்கு வயசும் இருபத்து நான்குதான்.

உன்,
வடிவு


கோயம்புத்தூர்
9.3.2024

அன்புள்ள வடிவு,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். நான் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு ரைம்ஸ் சொல்லிக் கொடுக்கிற டீச்சர். என் கீபோர்டை யாருக்கோ கொடுத்துப் பல வருஷம் ஆகிறது. ‘ஆச்சு’ என்று அண்ணாச்சி சொன்ன இடத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் எந்தப் பிள்ளை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.

உன் மோகனத்தைத் தூக்கிப் போடு. ராகத்திலிருந்து தொடங்காதே, வாயிலிருந்து தொடங்கு. அண்ணாச்சி நன்றாக இருந்தபோது தண்ணீர் எப்படிக் கேட்பார்? ‘வேண்டும்’ என்றா சொல்வார்? எந்த வார்த்தையில் குரல் ஏறும், எதில் இறங்கும்? அந்தப் பேச்சிலேயே மெட்டுப் பாதி இருக்கும். நல்ல பாட்டுக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து ஒரு நூல் தூக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். அதனால்தான் ஒரு தடவை கேட்டதும் ஏற்கெனவே தெரிந்த பாட்டு மாதிரி இருக்கிறது. அப்படித் தோன்ற வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தண்ணிக்கு இதை வைத்துப் பார்: ‘தண்ணி’ ப ப, ‘தா’ க. தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் பலரும் தெரியாமலே இறங்குகிற இறக்கம் அது. இரண்டு தடவை அதே மாதிரி பாடு. மூன்றாவது தடவை ‘தா’வை மட்டும் ஸ வரை இறக்கு. இரண்டு தடவை கேட்ட காது மூன்றாவதுக்குக் காத்திருக்கும், அங்கே கொஞ்சம் ஏமாற்ற வேண்டும். மற்ற வாக்கியங்களை அவர் சொல்கிற மாதிரியே எழுதி அனுப்பு.

ஒன்று சொல்ல வேண்டும். வாத்தியாரைக் காரணம் காட்டாதே. நிறுத்தச் சொன்னது நீ. முந்தின வாரம் வரை ஹாஸ்டலில் நான் வாசிக்க நீ ரகசியமாகப் பாடியவள். என் வேலையை மட்டமாக நினைத்தவர்கள் நிறையப் பேர். அது எவ்வளவு நல்ல வேலை என்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது நீ ஒருத்திதான்.

அன்புடன்,
பெனிட்டா


சங்கரன்கோவில்
6.4.2024

அன்புள்ள பெனிட்டா,

ஆமாம். எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாட்டு நல்ல பாட்டு என்றும் தெரியும், நீ நன்றாக வாசிக்கிறாய் என்றும் தெரியும். உன்னோடு சேர்த்து என்னையும் குறைவாக நினைத்துவிடுவார்களோ என்று உன்னைக் கைவிட்டேன். வேறு காரணம் இல்லை. இதை எழுத மூன்று தாள் கிழித்தேன்.

உன் ‘தண்ணி தா’ இரண்டே நாளில் வந்துவிட்டது. அவர் சொல்கிற மாதிரி நான் எழுதி அனுப்ப, நீ மெட்டுப் போட்டு அனுப்பிய மற்ற ஐந்தில் ‘கால் வலிக்கு’, ‘ஃபேனைப் போடு’, ‘தூக்கம் வருது’ மூன்றும் வருகின்றன. ‘காபி கொண்டா’ மட்டும் தேவைக்கு மேலே வருகிறது. ஆபீசிலிருந்து பார்க்க வந்தவர்கள் முன்னால் அதை நீட்டி நிறுத்திப் பாடினார். வந்த சங்கரசுப்பிரமணியன், “அண்ணாச்சி, அந்த ரெண்டாவது இறக்கம் அருமை, இன்னொரு தடவை!” என்று கேட்டு வாங்கிப் பாட வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு நான்கு காபி.

ஹஸ்னா பானு உன் சுரங்களைப் பிரதி எடுத்துக்கொண்டாள். உன் பெயரைக் கீழே எழுதச் சொன்னேன்.

எல்லா நாளும் இப்படி இல்லை. இதற்கு மேல் எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஒருநாள் ஏதோ சொல்ல வந்தார், அதற்கு நம்மிடம் மெட்டு இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வைகாசியில் என் மாணவிகளின் ஆண்டு விழா. வாத்தியார் வீட்டு மனிதர்களும் வருவார்கள். அந்த மேடையில் நான் ‘மணி என்ன ஆச்சு’ பாடப் போகிறேன். நீ வந்து வாசிப்பாயா?

உன்,
வடிவு


கோயம்புத்தூர்
15.4.2024

அன்புள்ள வடிவு,

மேடைக்கு வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. முந்நூறு பேர் முன்னால் நீ எனக்குப் பரிகாரம் செய்ய, நான் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அது எனக்கு ஒத்துவராது. நீ பாடு. மன்னிப்பாகப் பாடாதே. நல்ல பாட்டு என்பதற்காகப் பாடு.

உன் வீட்டுக்கு வருகிறேன். லீவு விட்டதும், மே மாதம் பதினோராம் தேதி. அண்ணாச்சிக்கு மெட்டு இல்லாத வார்த்தை என்னென்ன என்று பார்க்க வேண்டும். மறுநாள் மதியம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

ஒரு பழைய கீபோர்டு இரவல் கேட்டிருக்கிறேன். விரல் ஓடுமா தெரியவில்லை.

அன்புடன்,
பெனிட்டா


சங்கரன்கோவில்
2.6.2024

அன்புள்ள பெனிட்டா,

நீ நல்லபடியாக ஊர் திரும்பிய சேதி ராஜேஷ்குமார் அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

விழாவில் பாடினேன். வாத்தியாரின் மகள் எழுந்து போகவில்லை. முடிந்ததும் வந்து, “அந்த ‘ஆச்சு’ல ஆடாம நின்னீங்களே, எப்படிம்மா?” என்று கேட்டாள். உட்காரவைத்து ஸ நி த ப பிடித்துக் காட்டினேன். சிற்றுண்டி ஆறிப்போயிற்று.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. நீ கிளம்பப் பார்த்த அன்று மதியம் நடந்ததை நீயும் பார்த்தாய், இருந்தாலும் எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது. நீ பையைத் தோளில் மாட்டிவிட்டாய். வாசலில் ஆட்டோ நிற்கிறது. “வாரேன் அண்ணாச்சி” என்றாய். அவர் வாயைத் திறந்தார். ‘சாவி’ வரப்போகிறது என்று நினைத்து நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“இரு” என்றார்.

பாடவில்லை, பெனிட்டா. அதற்கு நீயும் மெட்டுப் போடவில்லை, நானும் போடவில்லை. வெறும் பேச்சு. ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. நீ பையை இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

ஹஸ்னா பானுவிடம் சொன்னேன். பாட்டில் பழகிய நாக்கு சில சமயம் அப்படித் தாண்டிவிடும் என்றாள். வேறு வார்த்தை இதுவரை தாண்டவில்லை. ஆனால் ‘இரு’ தங்கிவிட்டது. இப்போது யார் கிளம்பினாலும் சொல்கிறார். பால்காரரிடம் சொன்னார். கரண்டு ரீடிங் எடுக்க வந்த பெண்ணிடம் சொன்னார். அந்தப் பிள்ளை, “அடுத்த தெருவுக்குப் போணும் அங்கிள்” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டுப் போனாள். நம் வீட்டு வாசல்படி வரை போனவர்கள் யாரும் இப்போதெல்லாம் உடனே கிளம்ப முடிவதில்லை.

உன்,
வடிவு