கதவு மூடாத மைனர்

ஜனவரி 10, 2016

இருக்கைக்கு அடியிலிருந்து இன்றும் ஒரு கைப்பிடி கோழி இறகு. இந்த மாரிஸ் மைனர் காரை எனக்கு விற்றவன் ஸ்கிப்டன் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரன். 'ஓடும்' என்று சொல்லித்தான் விற்றான். கோழியைச் சொன்னான் போலிருக்கிறது. 1963 வண்டி, கூரை துணிதான், மடக்கிவிடலாம். நின்று பார்த்தால் மகாராணி, குனிந்து பார்த்தால் துரு. கதவுக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் இரும்புப் பெட்டிதான் இந்த வண்டியைத் தாங்குகிறது; 'சில்' என்பார்கள். அதற்குள் என் கட்டைவிரல் போகிறது.

என் மனைவி பாலின் தேநீரைக் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "பேசாம லொரேன் பட்டறையில விட்டுடேன், டெஸ்."

விடமாட்டேன். நாற்பது வருடம் இந்த ஊரில் எரிவாயுக் குழாய் பொருத்தியவன் நான். வெல்டிங் எனக்குப் புதிதா? எங்கள் பழைய கார் சங்கத்தில் வண்டியைப் பட்டறைக்கு அனுப்புகிறவனுக்கு ஒரு பட்டம் உண்டு: செக்புக் மெக்கானிக். அந்தப் பட்டத்தை வைத்ததே நான்தான்.

ஜனவரி 24

சங்கக் கூட்டம். ஜூலைக் கண்காட்சி இந்த வருடமும் கிரிக்கெட் மைதானத்தில்தான். வழக்கம்போல் இரண்டு வரிசை. இடப்பக்கம் 'சொந்தக் கை', வலப்பக்கம் 'பட்டறை'. கோப்பை இடப்பக்கத்துக்கு மட்டும். வலப்பக்கத்துக்காரர்கள் மழைக்கு ஒதுங்க மரம்கூட இல்லாத இடத்தில் நிற்பார்கள்.

மூன்று வருடமாகக் கோப்பை, சங்கத் தலைவர் ரோலண்டின் பச்சை மைனருக்கு. பியரை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சில்லைப் பற்றிக் கேட்டேன்.

"அதுல என்னடா இருக்கு? கதவக் கழட்டி ஓரமா வெச்சேன். முன்னாடி பின்னாடி முட்டுக் குடுத்தேன். ஒரே மூச்சுல வெட்டி எடுத்துட்டுப் புதுச வெச்சேன். பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

கேட்பதற்கே சுகமாக இருந்தது.

பிப்ரவரி 6

பழைய சில்லை வெட்டி எடுத்தாயிற்று. இரண்டு பக்கமும். கிரைண்டர் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் வீட்டுக்குள் போனது, இன்னும் வெளியே வரவில்லை.

பிப்ரவரி 21

புதுச் சில் இரண்டும் வைத்தாயிற்று. வெல்டிங் வரிசை பல் வரிசை மாதிரி இருக்கிறது. பாலினைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள், கழுத்து வலிக்கிறது என்று போய்விட்டாள்.

பிப்ரவரி 27

கதவு மூடவில்லை.

பிப்ரவரி 28

கீலைத் தளர்த்தினேன், இறுக்கினேன். கதவை மாற்றி மாற்றி மாட்டினேன். மேல் மூலை பின் தூணில் இடிக்கிறது. அடியில் என் சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி. எதிர்ப்பக்கமும் இதே கதைதான்.

மத்தியானம்தான் புரிந்தது. முன்னால் முட்டு, பின்னால் முட்டு, நடுவில் ஒன்றுமில்லை. மேலே கூரையும் இல்லாத வண்டி. சில்லை வெட்டியதும் ஈரத்துணி போட்ட கொடிபோல நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது. கதவு மாட்டியிருந்தால் அப்போதே காட்டிக்கொடுத்திருக்கும். அதைத்தான் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேனே. தொய்ந்ததைத் தொய்ந்தபடியே வெல்டிங் வைத்து நிரந்தரமாக்கியிருக்கிறேன். பல் வரிசையாம், பல் வரிசை!

ரோலண்டுக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை?

மார்ச் 13

கதவோரத்தை அராவினேன். பெயிண்ட் போனது, தகடு போனது, கதவு மூடவில்லை. நடுவில் ஜாக்கி வைத்து ஏற்றினேன். உள்ளே எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம். இறக்கிவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் பாலின் ஆரம்பித்தாள். "குழாய்ல தானே கை வெச்சுக் கெடுத்துட்டு உன்னக் கூப்பிடுவாங்களே, அவங்கள நீ என்ன சொல்லுவ?"

நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முட்டாப் பயலுவன்னு சொல்லுவ. வீட்டுக்கு வந்து நடிச்சுக்கூடக் காட்டுவ."

எழுந்து கராஜுக்குப் போய்விட்டேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்பதுதான் எரிச்சல். அந்த முட்டாள்கள் கெடுத்ததைச் சரிசெய்துதான் இந்த வீட்டையே வாங்கினேன்.

ஏப்ரல் 4

போனேன். ரோலண்ட் வீட்டு வழியைத் தவிர்த்து, மலைப்பாதையில் சுற்றிக்கொண்டு. இழுவைவண்டியில் மைனர், அதன்மேல் தார்ப்பாய், அதன்மேல் கயிறு. வழியில் எதிர்ப்பட்ட ஆடுகள்தான் சாட்சி.

லொரேன் பட்டறை ஆற்றோரத்துப் பழைய கம்பளி ஆலையில் இருக்கிறது. அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லோரையும் 'ராசா' என்றுதான் கூப்பிடுவாள், பாதிரியார் உட்பட. குனிந்து பார்த்தாள். விளக்கை வாங்கி மறுபடி பார்த்தாள்.

"வெல்டிங் நல்லாப் போட்டிருக்க ராசா. எல்லாத்தையும் வெட்டி எடுக்கணும்."

"தெரியும்."

"கதவக் கழட்டிட்டு வெட்டச் சொல்லி யாரு சொன்னா?"

"ரோலண்ட்."

"அவரா," என்று கையைத் துடைத்துக்கொண்டு கெட்டிலைப் போடப் போனாள்.

கிளம்பும்போது வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்கலாமா என்று தயங்கி நின்றேன். அவளே சொன்னாள். "இங்க வந்த வண்டிய வெளிய பாத்தா எனக்கு அடையாளமே தெரியாது. போ."

இத்தனை வருடம் நான் கேலி பண்ணியது அவள் பிழைப்பையும் சேர்த்துத்தான். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மே 15

பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். முதலில் கதவு வாசலின் குறுக்கே தடித்த கம்பி வைத்து வெல்டிங். அதன் பிறகுதான் வெட்டு. ஒரு பக்கம் முழுக்க முடித்துக் கதவை மாட்டி மூடிப் பார்த்த பிறகுதான் மறு பக்கம். அவ்வளவுதான் விஷயம். ஒரு கம்பி.

இஞ்சினும் வயரிங்கும் இருக்கைத் தையலும் என் வேலை. இஞ்சினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நான் கை வெக்க ஒண்ணும் இல்ல" என்றாள். வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 2

வண்டி வீட்டில். கதவைத் தள்ளிவிட்டால் போதும், 'டக்' என்று மூடுகிறது. காரணமே இல்லாமல் பலமுறை மூடினேன். பாலின் ஜன்னலைத் திறந்து, "ஒண்ணு உள்ள இரு, இல்ல வெளிய இரு" என்றாள்.

ஜூலை 10

"எந்தப் பக்கம் நிறுத்தப் போற?" என்றாள் பாலின்.

இஞ்சின் நான். வயரிங் நான். இருக்கை நான். சில் மட்டும்தானே? சங்கத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? இடப்பக்கம் என்றுதான் இருந்தேன். சாயங்காலம் நையல் தொலைபேசியில் பேசினார். தபால்காரர், சங்கத்துக்குப் புதுசு. கொட்டகையில் ஒரு மைனர் வைத்திருக்கிறார், இதே துரு.

"அடுத்த மாசம் சில்ல வெட்டலாம்னு இருக்கேன். உங்க வண்டி சொந்தக் கை வரிசையில நிக்கும்ல? அங்க வந்து எப்படிப் பண்ணீங்கன்னு கேட்டுக்கறேன்."

சரி என்று வைத்துவிட்டேன். அந்த வரிசையில் நிற்பவன் செய்தவிதம் சொல்லியாக வேண்டும், அதுதான் வழக்கம். நான் என்னத்தைச் சொல்ல? செய்ததைச் சொன்னால் கதவு எப்படி மூடுகிறது என்பார். கதவு மூடுகிறதே என்று நம்பி, நான் செய்தபடி அவரும் செய்தால்?

பாலின் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

ஜூலை 17

மைதான வாசலில், வண்டிகளுக்கு வழிகாட்டும் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு ரோலண்டே நின்றான். என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் இடப்பக்கம் கை காட்டினான். நான் வலப்பக்கம் திருப்பினேன்.

"டேய், அது பட்டறைடா," என்று பின்னாலேயே ஓடிவந்தான்.

"தெரியும். சில் லொரேன் வெச்சது."

சத்தமாகத்தான் சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் சாண்ட்விச் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன், "செக்புக் இருக்கா டெஸ், இரவல் குடேன்" என்றான். நான் வைத்த பட்டம், எனக்கே வந்தது. முகம் சுட்டது. இருந்தாலும் நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிட்டேன். மழையும் வந்தது.

நையல் இடப்பக்கம் முழுக்கத் தேடிவிட்டு நனைந்துகொண்டு வந்தார். நான் செய்ததைச் சொன்னேன், தொய்ந்ததைச் சொன்னேன், குறுக்குக் கம்பியைச் சொன்னேன். "நல்லவேளை," என்றார், "கதவ நேத்துதான் கழட்டி வெச்சேன். போய் மாட்டிடறேன்."

கோப்பை மறுபடியும் ரோலண்டுக்கு. எல்லோரும் கிளம்பிய பிறகு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வண்டிக்கு வந்தான். கதவைத் திறந்து தள்ளிவிட்டான். 'டக்.'

"அடிக் கீலுக்குள்ள லொரேன் சின்னதா ஒரு பித்தளைத் தகடு வெப்பாளே. இருக்கா?"

நான் பார்த்ததே இல்லை. குனிந்து பார்த்தேன். இருந்தது.

"என்னோடதுலயும் இருக்கு," என்றான்.

"அப்ப நீ சில்ல வெட்டவே இல்லையா?"

"கிரைண்டர் சத்தமே எனக்கு ஆகாதுடா. அன்னிக்கு நீ கேட்டப்ப எதையாவது சொல்லணுமேன்னு சொன்னேன். நீ போய் நெசமாவே வெட்டுவேன்னு…"

ஓங்கி ஒன்று வைக்கலாம் என்றுதான் வந்தது. கோப்பையை அணைத்துக்கொண்டு மழையில் நின்றான், அறுபத்தைந்து வயது ஆள். நானும் இடப்பக்கம் திருப்புவதாகத்தானே இருந்தேன். "வீட்டுக்குப் போ" என்றேன்.

ஜூலை 18

கோபம் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, பாலினைத் தவிர. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஜூலை 16, 2017

இந்த வருடம் வாசலில் மஞ்சள் சட்டை எனக்கு. காலையில் பச்சை மைனர் வந்தது. பழக்கதோஷம், இடப்பக்கம் கை காட்டினேன். ரோலண்ட் என்னைப் பார்க்காமல் வலப்பக்கம் திருப்பி, என் வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் இடப்பக்கத்திலிருந்து வண்டியை எடுத்து இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். லொரேன் ஐஸ்கிரீமோடு நடந்து போனாள், ஒரு வண்டியையும் அடையாளம் தெரியாதவள்போல.

கோப்பை நையலுக்கு. பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி, இருக்கைக்குப் பழைய திரைச்சீலை. ஒரு சில்லை முடிக்க அவருக்கு ஏழு மாதம் ஆயிற்றாம். ரோலண்ட்தான் கொடுத்தான். கொடுத்துவிட்டு அவர் வண்டிக் கதவைத் திறந்து தள்ளிவிட்டான்.

வலப்பக்க வரிசையில் இருந்த எனக்கு அது மூடிய சத்தம் கேட்டது.