இரண்டு மேசைக்கு ஒரே விரிப்பு

அண்ணே,

இன்று காலை உங்கள் மேசைவிரிப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அண்ணி அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு பையில் வைத்துக் கொடுத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். நடுவில் அந்த மஞ்சள் கோடு அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் வெளுக்கவில்லை. மீன் குழம்பு வாசனைகூட வருவது போலிருந்தது. அது என் மூக்கின் ஆசையாக இருக்கலாம். நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். நீங்கள் போனபிறகு உங்களை நினைத்து அழுததைவிடச் சிரித்ததுதான் அதிகம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சிரிக்க முடியாத காலமும் இருந்தது. நம் சபையில் நகை கிடையாது, சினிமா கிடையாது, வெள்ளை உடுப்புதான். அங்கே வளர்ந்த நான், ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒரு இந்துக் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, கழுத்தில் தாலியோடு வந்து நின்றேன். அடுத்த ஞாயிறு நீங்கள் சபை நடுவே எழுந்து, இனி இவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடமாட்டேன் என்று ஆண்டவருக்குப் பொருத்தனை செய்தீர்கள். அப்பா இல்லாத வீட்டில் என்னைத் தூக்கி வளர்த்த அண்ணன். ஆராதனை முடிந்ததும் லிட்டில் இந்தியாவில் தோசை வாங்கித் தந்து, உங்கள் தட்டிலிருந்த வடையையும் என் தட்டில் வைக்கிற அண்ணன். அந்த வாயால் அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மற்றவர்களானால் கொஞ்ச காலத்தில் மறந்திருப்பார்கள். நீங்கள் பேருந்து ஓட்டுநர். ரோட்டில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கில் நிற்கிற ஆள். சித்தப்பா மகள் கல்யாணத்தில் தெரியாமல் நம்மை ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள், நினைவிருக்கிறதா? நீங்கள் சண்டை போடவில்லை, எழுந்து போகவுமில்லை. தட்டைக் கையில் ஏந்தி, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தீர்கள். பரிமாறுகிற ஆள் என்று நினைத்து ஒரு பெரியவர் உங்களிடம் தண்ணீர் கேட்டார். நீங்களும் போய் எடுத்து வந்து கொடுத்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் எனக்கும் ஒரு குவளை வைத்தீர்கள். என்மேல் இருந்த கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது, கொடுத்த வாக்குதான் குறுக்கே நிற்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வாக்கை மீறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீறினால் நீங்கள் நீங்களாக இருக்கமாட்டீர்கள். ஆனால் உங்களுக்கும் வயதாகிக்கொண்டே போனது. மறுபடி ஒரு வாய் சோறு உங்களோடு உட்கார்ந்து சாப்பிடாமலே எல்லாம் முடிந்துவிடுமோ என்று பயந்தேன்.

நம்மைச் சேர்த்து வைத்தது புக்கிட் பாத்தோக் நூலகத்தின் ஏசி. ஓய்வு பெற்றபிறகு மதிய வெயிலுக்கு அங்கே போய் உட்கார ஆரம்பித்தீர்கள். கதைப் புத்தகம் பாவம் என்று என் கையிலிருந்து பிடுங்கியவர் நீங்கள். அப்பேர்ப்பட்டவர் கண்ணில், அட்டையில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண்ணும் குதிரை வண்டியுமாகச் சில ஆங்கிலப் புத்தகங்கள் பட்டன. அமெரிக்காவில் காரும் கரண்டும் வேண்டாம் என்று வாழ்கிற ஆமிஷ் கிறிஸ்தவர்களைப் பற்றியவை. நகையில்லை, அலங்காரமில்லை, நம் சபை போலவே இருக்கிறதே என்று பூரித்துப்போய், எல்லாம் மெய்யாக நடந்தவை, சாட்சிப் புத்தகங்கள் என்றே நினைத்துவிட்டீர்கள். அவை நாவல்கள், அதிலும் காதல் நாவல்கள் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அண்ணி எனக்குப் போனில் ஒன்றுவிடாமல் சொல்வார். சொந்தச் சபை விலக்கிவைத்த ஒரு பெண், அவளோடு பேசாத தகப்பன். அதைப் படித்துவிட்டு நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்களாம். அதோடு விட்டீர்களா? ஞாயிறு ஆராதனையில் எழுந்து, அமெரிக்காவில் ஒரு சகோதரி குடும்பத்தைப் பிரிந்து வாடுகிறாள், அவளை அவள் தகப்பனோடு ஆண்டவர் சேர்க்கவேண்டும் என்று ஜெபக் குறிப்பு கொடுத்தீர்கள். முழுச் சபையும் முழங்காலில் நின்று ஒரு நாவல் கதாநாயகிக்காக ஜெபித்தது. ஒரு வாரமல்ல, நீங்கள் புத்தகத்தை முடிக்கும்வரை.

கடைசியில் உங்கள் மகள்தான், இது ஸ்டோரி, யாரோ கற்பனையாக எழுதியது என்று போட்டு உடைத்தாள். அன்று நீங்கள் சாப்பிடவில்லையாம். சபைக்கு என்ன பதில் சொல்வது என்று தவிக்கிறீர்களாக்கும் என அண்ணி நினைத்தார். மறுநாள் காலை கோப்பி குடித்துக்கொண்டே நீங்கள் சொன்னதை அண்ணி எனக்கு அப்படியே ஒப்பித்தார்:

"கதையா இருந்தா என்ன? இத்தனை பேரு ஜெபம் பண்ணியாச்சு. அது யாருக்காவது போய்ச் சேரணும்ல."

அன்று மாலையே என் கைப்பேசியில் உங்கள் குரல். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா, வீட்டுக்காரரையும் கூட்டி வா என்றீர்கள். பொருத்தனை என்னவாயிற்று என்று கேட்காமலே, வருகிறோம் என்றேன். எங்கள் பாசிர் ரிசில் ரயிலேறியதிலிருந்து உங்கள் வாசல் வரும்வரை என் கணவர் சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்தார்.

உங்கள் கூடத்தில் நீளமாக ஒரு மேசை, மேலே புத்தம்புது வெள்ளை விரிப்பு. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்கள் வந்து விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினீர்கள். இருந்தவை இரண்டு மேசைகள், நடுவில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. விலக்கிவைத்த மகளோடு சாப்பிட அந்தக் கதையில் ஆமிஷ் தாய் செய்த ஏற்பாடாம் அது.

"நான் பொருத்தனைய மீறல பாப்பா," என்றீர்கள். "அது உன் மேசை, இது என் மேசை. துணி மட்டும் ஒண்ணு."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அண்ணி மீன் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்ததும் என் கணவர் மரியாதைக்கு எழுந்து அதை வாங்கி, எல்லாருக்கும் எட்டட்டுமே என்று சரியாக நடுவில் வைத்தார். விரிப்பு தொட்டில் மாதிரி உள்ளே இறங்கியது. சட்டி மெல்லச் சாய்ந்து, குழம்பு அந்த இடைவெளி நெடுக ஓடியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. நீங்கள் குழம்பைப் பார்த்தீர்கள், அவரைப் பார்த்தீர்கள்.

"மாப்ள, பாலத்து மேல பாரம் ஏத்தக்கூடாது."

மாப்ள! அத்தனை வருடம் அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஏங்கியிருக்கிறோம் என்று அது காதில் விழுந்தபிறகுதான் தெரிந்தது. முதலில் நீங்கள்தான் சிரித்தீர்கள், பிறகு அண்ணி. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இன்றும் அதை யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சபையில் சிலர் முறைத்தார்கள். மேசை வேறுதானே என்று நீங்கள் மூப்பரிடமே கேட்டுவிட்டீர்கள். அதன்பிறகு மாதம் ஒரு ஞாயிறு உங்கள் வீட்டில்தான் சாப்பாடு, அதே விரிப்பு, அதே கறை. குழம்புச் சட்டி நடுவில் வந்துவிடாமல் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நூலகத்துக்குப் போவதையும் விடவில்லை. கதை என்று தெரிந்தே படித்தீர்கள். முடிவில் எல்லாரும் சேர்ந்துவிட்டார்களா என்று கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துக்கொள்வீர்களாம்.

போன வருடம் ஒரு ஞாயிறு என் கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்து விரிப்பை விலக்கினேன். இடைவெளியைக் காணோம். இரண்டு மேசையும் ஒட்டி நின்றன, கால்களை ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தது. புதுக்கட்டு அல்ல. கயிறு நிறம் மங்கி, முடிச்சில் தூசி படிந்திருந்தது. எவ்வளவு காலமாக நாம் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமோ, உங்களுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். நிமிர்ந்தபோது நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கீழ என்ன தேடுற? சோறு ஆறுது, சாப்பிடு."

சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சட்டியை ஓரமாக வைக்கிற வழக்கத்தையும் நாம் இருவரும் கடைசிவரை விடவில்லை.

அண்ணி இப்போது மகளோடு இருக்கப் போகிறார். மேசையை நீயே வைத்துக்கொள் என்றார். விரிப்போடு அதுவும் காலையில் வந்தது, ஆனால் எங்கள் மின்தூக்கிக்குள் நுழைய மாட்டேன் என்றது. சுமந்து வந்த தம்பி அடியில் பார்த்துவிட்டு, "கயித்த வெட்டிட்டா ஈசியாப் போயிடும் லா, அக்கா," என்றார். என்ன ஆனாலும் வெட்டக்கூடாது என்று நான் போட்ட சத்தத்தில் மிரண்டுபோய், அவரும் கூட வந்தவரும் மாடிப்படியில் அதைத் திருப்பித் திருப்பிச் சுமந்து ஏறினார்கள். மச்சான் போயும் நம்மைச் சும்மா விடவில்லை என்று என் கணவர் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தார்.

அண்ணியும் உங்கள் மகளும் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். விரிப்பைப் போட்டுவிட்டேன், மஞ்சள் கோடு சரியாக நடுவில் விழும்படி இழுத்துவிட்டேன். மீன் குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. அண்ணே, இன்றைக்குச் சட்டியை அந்தக் கோட்டின்மேல்தான் வைக்கப்போகிறேன்.