பிராதில் இல்லாத என் பெயர்

இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் ஈரச் சிமெண்ட் வாடை முகத்தில் அடித்தது. மழைத் தண்ணீர் உள்ளே வந்து இரண்டு மூட்டைகள் கல்லாகிக் கிடந்தன. நீங்கள் இருந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பீர்கள். திட்ட ஆளில்லாத ஆத்திரத்தில் ஒரு மூட்டையை உதைத்தேன். கால்தான் வலித்தது.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. புருஷன் செத்தால் கோபமும் அவரோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

கோவில்பத்தில் கல்யாண மண்டபம் கட்டிய அந்தக் கான்ட்ராக்டர் நம் கோட்டுச்சேரிக் கடையில் கம்பியும் சிமெண்டும் கடனுக்கு எடுத்தார். எப்போதும் மதியம்தான் வருவார், நீங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். சரக்கை எண்ணி ஏற்றி அனுப்பியது நான். "அக்கா, மண்டபத்தைத் தொறந்த ஒடனே மொத்தமா குடுத்துடுறேன், அண்ணங்கிட்ட சொல்லிடுங்க" என்று அவர் சொன்னதும் என்னிடம்தான். சீட்டில் கையெழுத்துக் கேட்டால் முகம் கோணுவார், விட்டுவிடு என்றது நீங்கள். மண்டபம் திறந்து எத்தனையோ கல்யாணம் நடந்த பிறகு, "நான் அங்க சரக்கே எடுக்கலையே" என்றார் அந்த மனிதர்.

வழக்குப் போடப் போனோம். நம் வக்கீல் தெளிவாகத்தான் கேட்டார். "யாரு சரக்கு குடுத்தது, யாருகிட்ட காசு தர்றேன்னு ஒத்துக்கிட்டாரு, அதெல்லாம் பிராதுல வரணுங்க."

நீங்கள் மேலே ஃபேனைப் பார்த்தீர்கள். "கடைன்னு போடுங்க சார். பொம்பள பேரெல்லாம் கோர்ட்டு பேப்பர்ல வேணாம்."

பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். "நானே வந்து சொல்றேங்க" என்றேன். "நீ சும்மா இரு" என்றீர்கள். வீட்டில் மட்டும், சோற்றைப் பிசைந்துகொண்டே, "கடையே ஒங் கையிலதான் ஓடுது" என்பீர்கள். அந்தப் பாராட்டு சமையலறை வாசலைத் தாண்டியதே இல்லை.

பிராதில் விவரமே இல்லை, தள்ளுபடி செய்யுங்கள் என்று கான்ட்ராக்டர் தரப்பில் மனுப் போட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நம் பிராதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கடை சரக்கு குடுத்துச்சாம், கடைகிட்ட இவரு வாக்கு குடுத்தாராம். கடைக்குக் கையும் காதும் இருக்குதுங்களா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. அந்தக் கையும் காதும் கடைசி பெஞ்சில், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தன. எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. பிராதில் இல்லாத ஆள் என்னவென்று கத்துவது?

அன்று வீட்டுக்கு வந்து நீங்கள் சாப்பிடவில்லை. "இப்பவாச்சும் எம் பேரை எழுதச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "அசிங்கப்பட்டது போதும்" என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டீர்கள். அடுத்த வாய்தாவுக்குள் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். நான் அழுதேன். உங்களுக்காகத்தான் அழுதேன், அதில் சந்தேகம் வேண்டாம்.

இப்போது வழக்கில் உங்கள் வாரிசாக என்னைச் சேர்த்திருக்கிறார்கள். பிராதைத் திருத்த மனுப் போடலாம், ஆனால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டுமாம். "மறதியா விட்டுப்போச்சுன்னு போட்டுடலாங்க, அதான் வழக்கம்" என்றார் வக்கீல். உங்களை நினைத்து இரக்கப்பட்டுச் சொன்னார்.

"மறதி இல்லைங்க சார்" என்றேன். "மனைவி பேரு வேணாம்னு அவருதான் சொன்னாரு. அப்படியே எழுதுங்க."

நேற்று கையெழுத்துப் போட்டேன். சிரித்த அதே கோர்ட்டில் அதை வாசிப்பார்கள். உங்கள் மானம் போகும் என்று தெரியும், தெரிந்துதான் போட்டேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கையெழுத்தைப் போட விட்டிருக்க மாட்டீர்கள் என்ற நினைப்பு மட்டும் இன்னும் போகவில்லை.