முப்பத்துநான்கு கலைக்கு மேல்

செப்டம்பர் 12, மாலை 6:21
பார்த்திட்டு ஓதக் கண்காணிப்பு நிலையம். சிப்பித்துறைக்கு எதிரே கடலுக்குள், பார் என்னும் பாறைத் தொடரின் மேல் நிற்கும் விளக்குக் கோபுரம். பதிபவர் காந்திமதி, ஆய்வாளர். ஆள் நான் ஒருத்திதான்.
கடல் அமைதி. நிலா உதயம் படமெடுக்கப்பட்டது. அகலம்: தள்ளப்பட்டது. பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. நிலாவின் அகலம் முப்பத்துநான்கு கலையைத் தாண்டாது. தாண்டினால் அடிவானக் காற்றின் குளறுபடி என்று கணினி தள்ளிவிடும், எண்ணைக்கூடக் காட்டாது. அந்த விதியை எழுதியவள் நான். ஓதம், அதாவது கடலேற்றம், ஒரு சாண் கூடுதல். ஓதமானியில் சிப்பி அப்பியிருக்கும், சுரண்ட வேண்டும்.

அக்டோபர் 11, மாலை 6:09
சிப்பித்துறைப் படகுச் சங்கச் செயலாளர் ரெமிஜியுஸ் வயர்லெஸில் வந்தார். அவர் தொண்டைக்கு வயர்லெஸே தேவையில்லை.
"மேடம், நெலா ரொம்பப் பெருசா இருக்கு. தண்ணி கோயில் படி வரைக்கும் வந்துட்டு. பிள்ளைய பயப்படுது."
பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நான் சொல்லும் அதே பதிலைச் சொன்னேன். அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிவது கண்ணின் ஏமாற்று. கையை நீட்டி ஒரு துளை வழியாகப் பார்த்தால் என்றைக்கும் ஒரே அளவுதான்.
"பாத்துட்டேன் மேடம். கூனி எறால் வலைக் கண்ணு வழியாப் பாத்தேன். ஆடி மாசம் உள்ள அடங்கிச்சு. இப்ப ரெண்டு பக்கமும் பிதுங்குது."
கை மடங்கியிருக்கும் என்றேன். சிரிக்கவும் செய்தேன்.
அகலம்: தள்ளப்பட்டது.

நவம்பர் 3, மாலை 5:30
மறுபடியும் ரெமிஜியுஸ். "அஞ்சு நாள் கடல் தங்கலுக்கு முப்பத்தோரு போட்டு துறையில நிக்குது மேடம். பயலுவ தயங்குதானுவ. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போறோம்."
நிலா இன்று உச்சியில், வழக்கத்தைவிடச் சிறியதாக. இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் மிடுக்காகவே கேட்டேன். தைரியமாகப் போங்கள் என்றேன். ஓதமானி மறுபடியும் தாறுமாறாகக் காட்டுகிறது, பழுது என்று எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 8, மாலை 5:52
நிலா எழுகிறது. காமிராவின் சட்டத்துக்குள் அடங்கவில்லை.
தள்ளப்பட்ட அளவுகளின் கோப்பைத் திறந்தேன். செப்டம்பரில் 36 கலை. அக்டோபரில் 41. இன்று 70. ரெமிஜியுஸின் கை மடங்கியிருக்கவில்லை.
தலைமையகத்திலிருந்து வந்த செய்தி: "ஆகஸ்டில் இருண்ட பொருள் ஒன்று நிலவை உரசாமல் கடந்தது. நிலவின் பாதை நீண்டு கோணிவிட்டது. ஒரு பக்கம் தொலைவு, மறுபக்கம் மிக நெருக்கம். பீதி வேண்டாமென்று அறிவிக்கவில்லை. நிலையத்தை விட்டு வெளியேறவும்." எதில் ஏறி வெளியேறுவது என்று சொல்லவில்லை.
நிலா இரு மடங்கானால் ஓதம் எட்டு மடங்கு. சிப்பித்துறை ஒரு மணல் நாக்கு. பின்னால் உப்பளம், நடுவே ஒரே சாலை. காலையிலேயே அந்தச் சாலை முழுகிவிட்டது. ஊரில் பெண்களும் பிள்ளைகளும்தான்.

மாலை 6:07
படகுகள் தங்கலிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கின்றன. வயர்லெஸில் ரெமிஜியுஸிடம் கத்தினேன். வராதீர்கள், ஆழத்துக்குப் போங்கள், ஆழ்கடலில் தண்ணீர் சும்மா உயர்ந்து தாழும், ஆபத்தில்லை. பாரின் இடைவெளியில் புகுந்தால் நீரோட்டம் படகை உடைத்துவிடும்.
"கடலுக்குப் போன்னு சொன்னதும் நீங்கதான மேடம்."
என் தப்பு என்றேன். முழுக்க என் தப்பு. இந்த ஒரு முறை நம்புங்கள், உங்கள் காலில் விழுகிறேன்.
"நம்புதேன் மேடம். ஆனா எம் பிள்ளைய கரையிலல்லா இருக்கு."
இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மாலை 6:24
பாரின் இடைவெளியைக் காட்டுவது என் கோபுரத்தின் விளக்கு. இருட்டில் அது இல்லாமல் ஒரு படகும் உள்ளே நுழையாது. வழி தெரியாமல் வெளியே நின்றால் பிழைப்பார்கள். கரையில் இருப்பவர்களுக்கு இனி யாரும் எதுவும் செய்ய முடியாது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.
முப்பத்தொரு படகையாவது, அவற்றில் இருப்பவர்களையாவது.
விளக்கை அணைத்துவிட்டேன்.

மாலை 6:31
கீழ்த்தளத்தில் தண்ணீர். மின்கலம் போய்விட்டது. விளக்கில்லாமல்தான் இதை எழுதுகிறேன், என் கையெழுத்து எனக்குத் துல்லியமாகத் தெரிகிறது.
இதை யோசிக்கவில்லை. நான் இதை யோசிக்கவே இல்லை.
நிலா வெளிச்சத்தில் பாரின் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. இடைவெளி பட்டப்பகல் போலத் தெரிகிறது. படகுகள் வரிசை பிடித்து வருகின்றன. துணியை வீசினேன். கத்தினேன். முதல் படகில் ரெமிஜியுஸ், நான் வழியனுப்புவதாக நினைத்துக் கையை உயர்த்துகிறார்.
ஒன்று. இரண்டு.
ஐந்து.
ஒன்பது உள்ளே போய்விட்டன, பத்தாவது