ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்

வலியசாலை, திருவனந்தபுரம்
நவம்பர் 4, திங்கட்கிழமை

சிரஞ்சீவி நவநீதுக்கு அப்பா ஆசீர்வாதம். க்ஷேமம் என்று முதல் வரியில் எழுதிப் பழகிய கை, அதனால் க்ஷேமம் என்றே வைத்துக்கொள், மீதியைக் கீழே படித்துத் தெரிந்துகொள்வாய். நீ அங்கே சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், முழுசாக நம்பவில்லை, போன ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டிருந்தாய், இருமல் வந்தபோதெல்லாம் மைக்கை அணைத்துவிட்டு இருமினாய். அப்பா கவனிக்கவில்லை என்று நினைக்காதே. அயர்லாந்துக் குளிருக்குச் சுக்குப் பொடி எவ்வளவு தாங்கும் என்று தெரியாது, ஆனாலும் போன தடவை அனுப்பியது டப்பாவோடு அப்படியே இருக்கும், எடுத்துப் போட்டுக் குடி. போனில் பேசாமல் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று கேட்பாய். போனில் என்றால் அம்மா பக்கத்தில் இருப்பாள். தவிர, பாதியில் நான் போனைக் கீழே வைத்துவிடுவேன், லைனில் இருக்கேளா லைனில் இருக்கேளா என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

இங்கே துலாம் மழை விடாமல் பெய்கிறது, மத்தியானம் வரை வெயில், அப்புறம் இடியும் மழையும், துணி ஒன்றும் காய்வதில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் பத்மஜா மாமி தினமும் காலையில் வந்து அம்மாவுக்குத் தலை வாரி விடுகிறாள், நான் வெளியே போனால் கூட இருக்கிறாள். அந்தப் புண்ணியவதி இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. உனக்கு அவள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் குட்மார்னிங் படங்களுக்கு ஒரு பதிலாவது போடு, நீ கண்டுகொள்வதில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்கிறாள். அம்மாவின் மறதிக்கு டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை, அதே மாத்திரைதான், மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவர் வாயால் சொல்லவில்லை, சீட்டை மடித்துக் கொடுத்த விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ கேட்டாய், இரண்டு மாதமாக அம்மா என்னிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாளே, இப்போது ஏன் வாயே திறப்பதில்லை, என் மேல் கோபமா என்று. நெட் சரியில்லை, அவளுக்குத் தூக்கம் வருகிறது என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். நெட்டுக்கு ஒரு கேடும் இல்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதினால்தான் உனக்குப் புரியும். இந்தக் கோடை தொடங்கியதிலிருந்து அம்மா உன் முகத்தை டி.வி. சீரியல் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நீ பாட்டுக்குப் பேசுவாய், அவள் பாதியில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள், உனக்குத் தெரிய வேண்டாம் என்று நான்தான் பால் பொங்குகிறது, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிங்க மாசத்தில், நம் ஆவணியில், உன் நட்சத்திரப் பிறந்தநாள் வந்தது. காலையில் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, சாயங்காலம் விளக்கேற்றியதும் லேப்டாப்பில் உன்னைக் கூப்பிட்டேன், அம்மா கையில் அட்சதையைக் கொடுத்து, குழந்தைக்குப் போட்டு ஆசீர்வாதம் பண்ணு என்றேன். அவள் அதைத் திரையில் உன் தலை இருந்த இடத்தில் போட்டாள். நீகூடச் சிரித்துக்கொண்டே குனிந்தாய். அரிசியெல்லாம் கீபோர்டில் கொட்டியது, நான் கூட்டி எடுப்பதற்குள் அவள் லேப்டாப் மூடியை அரிசி டப்பாவை மூடுகிற மாதிரி இரண்டு கையாலும் அழுத்தி மூடிவிட்டாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த நாள் திறந்தால் திரையின் நடுவில் மேலிருந்து கீழ்வரை பச்சையாக ஒரு கோடு. பிறகு பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் கறுப்பாகத் தடிமனாகச் சில, நவராத்திரி வருவதற்குள் வரிசையாகக் கோடுகள். நீ அங்கிருந்து சொன்னதையெல்லாம் செய்தேன், உனக்கே தெரியும். அணைத்துப் போட்டேன். விண்டோஸ் கீயோடு இன்னும் மூன்று கீயைச் சேர்த்து அழுத்தச் சொன்னாய், என் விரல்களுக்கு அது வீணை வாசிக்கிற வித்தையாக இருந்தது, அதையும் செய்தேன், பீப் என்றது, கோடு அப்படியே இருந்தது. டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னாய், போட்டேன். ஆன் பண்ணினதும் எஃப் டூ அழுத்துங்கோ, விண்டோஸ் வருகிறதுக்கு முன்னாலேயே கோடு இருக்கிறதா என்று பாருங்கோ என்றாய், இருந்தது, அப்படியானால் சாஃப்ட்வேர் இல்லை அப்பா, ஹார்ட்வேர்தான் என்றாய். கேபிள் வாங்கி டி.வி.யில் மாட்டச் சொன்னாய். மாட்டினேன், டி.வி.யில் நீ பளிச்சென்று கோடில்லாமல் வந்தாய், ஆக உள்ளே படம் அனுப்புகிற கார்டு நன்றாக இருக்கிறது, திரைதான் போச்சு என்று இரண்டு பேரும் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டோம். முப்பது வருஷம் ஆபீசில் ஃபைல் பார்த்தவன் நான், ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துக் காரணத்தைப் பிடித்தோம் என்று எனக்கு ஒரே பெருமை. அன்றைக்கு டி.வி.யில் உன்னைப் பார்த்து அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, நடுவில் எழுந்து போய்விட்டாள். அதை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏனென்றால் லேப்டாப்பில் அவள் பேச ஆரம்பித்திருந்தாள். கோடுகள் இங்கே எங்கள் பக்கம்தான், உன் கண்ணில் அது படாது, நீ எங்களைச் சுத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். இங்கே நீ கம்பிகளுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும். அவளுக்கு அது நம் தெருப்பக்க ஜன்னல். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது கிரிக்கெட் ஆடிவிட்டு இருட்டினதும் வருவாய், நேராக உள்ளே வரத் தைரியம் இருக்காது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, அம்மா, அப்பா வந்தாச்சா, மூட் எப்படி என்று குசுகுசுவென்று கேட்பாய். எனக்குக் கேட்காது என்று உங்கள் இரண்டு பேருக்கும் நினைப்பு. அவளுக்கு உன் பெயர் போயிற்று, என் பெயர் போயிற்று, அந்த ஜன்னல் மட்டும் போகவில்லை போலிருக்கிறது. ஏண்டா குழந்தே, இன்னும் வெளியிலயே நிக்கறே, மழை வரது, உள்ள வா என்று அவள் சொன்னதும், அப்பா உள்ளதான் இருக்கார், கோபமா இல்லை, ஒண்ணும் சொல்ல மாட்டார், நான் பாத்துக்கறேன் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னதும் உனக்கு வியாதியின் பிதற்றலாகப் பட்டிருக்கும். வரேம்மா வரேம்மா என்று நீயும் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாய். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைக் காட்டி, யாரிந்த மாமா என்று ஒருநாள் உன்னிடமே கேட்டாள். எனக்கு அதில் வருத்தம்கூட இல்லை நவநீது, யாரையாவது ஒருத்தரைத் தெரிகிறதே என்று இருந்தது. தினமும் விளக்கேற்றினதும் அவளே வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். இரண்டு மாதம் இந்த வீட்டில் குரல் கேட்டது.

இதையெல்லாம் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. திரை முழுசும் போய்விட்டால் உன் முகமே இல்லாமல் போகுமே என்ற பயம் ஒன்றுதான் எனக்கு. விஜயதசமி கழிந்ததும் பழவங்காடிப் பக்கம் சந்துக்குள் கடை வைத்திருக்கும் ஷிபுவிடம் கொண்டுபோனேன். சாரே, இது பேனல் போயி, பழைய மாடல், கிட்டான் பாடாணு, கிடைக்கிறது கஷ்டம், புதுசு ஒண்ணு வாங்கிக்கோ என்றான் அவன். புதுசு வேண்டாம், இதையே சரி பண்ணு என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கொச்சியிலிருந்து பேனலை வரவழைத்து மாட்டினான். கழற்றும்போது உள்ளேயிருந்து மஞ்சள் அரிசி விழுந்தது, இது எந்தா சாரே, லேப்டாப்பில் புலாவ் வைச்சா என்று கேலி செய்தான். மூடிக்கும் கீபோர்டுக்கும் நடுவில் அரிசி மாட்டி, அழுத்தி மூடினதில் திரை நசுங்கியிருக்கிறது, கோடு வந்தது அதனால்தான். அம்மா உனக்குப் போட்ட ஆசீர்வாதம் அது. நானும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் உன் முகம் கண்ணாடியாட்டம் வந்தது. நீகூட, சூப்பர் அப்பா, பேசாமல் நீங்களே ஒரு சர்வீஸ் கடை போட்டுடலாம் என்றாய். அம்மா வந்து உட்கார்ந்தாள், பார்த்தாள், திரைக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். போயிட்டான் என்றாள். அவ்வளவுதான். நீ அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய், அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தப் பக்கமே வருவதில்லை. நான் கையைப் பிடித்து உட்கார வைத்தால் உட்கார்ந்திருக்கிறாள், அதைத்தான் நீ பார்க்கிறாய்.

மறுநாளே ஷிபுவிடம் ஓடினேன், பழைய பேனலைத் திரும்ப மாட்டு என்றேன். உடைந்ததைக் கழற்றி நல்லதைப் போட்டவனிடம் போய் உடைந்ததைத் திரும்பக் கேட்டால் அவன் என்ன நினைப்பான். மேலும் கீழும் பார்த்தான், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாக்கையெல்லாம் கொட்டித் தேடினான். ஆக்ரிக்காரன் காலையிலேயே பழைய சாமான்களை அள்ளிக்கொண்டு போயிருந்தான். வீட்டுக்கு வந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் திரையில் ஒட்டினேன். அம்மா வந்தாள், அழுக்கு அழுக்கு என்று நகத்தால் சுரண்டி ஒவ்வொன்றாக உரித்துப் போட்டுவிட்டாள். உன்னை ஒருநாள் ஆபீஸ் படிக்கட்டுக் கம்பிக்குப் பின்னால் நின்று பேசச் சொன்னேனே, எதுக்கப்பா என்று சிரித்துக்கொண்டே நின்றாயே, அது இதற்குத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் கம்பி நிஜம், எது பொய் என்று அவளுக்கு எப்படியோ தெரிகிறது, மற்றதெல்லாம் மறந்துபோன மூளைக்கு அது மட்டும் தெரிகிறது. லேப்டாப்பில் இன்னொரு தடவை அரிசியைப் போட்டு அழுத்தி மூடலாமா என்றுகூட ஒருநாள் கையில் அட்சதையோடு நின்றேன். செய்யவில்லை, கோடு நாம் கேட்ட இடத்தில் விழாது. அவள் ஆசீர்வாதம் பலித்தது நவநீது, அதைத்தான் நான் காசு கொடுத்து ரிப்பேர் பண்ணிவிட்டேன்.

இப்போது அவள் தெருப்பக்க ஜன்னலிலேயே நிற்கிறாள். விளக்கேற்றினதும் போய் நின்றுவிடுகிறாள், கூப்பிட்டால் வருவதில்லை. தெருவில் போகிறவர்களை உள்ளே வா, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார் என்று கூப்பிடுகிறாள். தெருக்காரர்களுக்குத் தெரியும், வரோம் மாமி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன் முதல் நாள் பயந்துவிட்டான், இப்போது அவனும் தலையாட்டிவிட்டுப் போகிறான். நேற்று மழையில் சாரல் அடித்து அவள் புடவையெல்லாம் நனைந்துவிட்டது, ஜன்னலைச் சாத்தினால் கதவில் தட்டித் தட்டி அழுகிறாள், திறந்தே வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் அழைக்கிற குரலும் குறைந்துகொண்டே வருகிறது, சில நாள் சும்மா நின்றுவிட்டு வந்துவிடுகிறாள்.

உன் பெர்மிட் புதுப்பித்து வருகிறவரை அந்த நாட்டை விட்டுக் கிளம்ப முடியாது, கிளம்பினால் வேலையும் போய்விடும் என்று சொன்னாய், எனக்குப் புரிகிறது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வா என்று எழுதமாட்டேன். வந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை, நீ வருகிறபோது அந்த ஜன்னலும் அவளுக்கு ஞாபகம் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது, இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருமலைக் கவனி, ராத்திரி தலையில் குல்லா போட்டுக்கொள், மேனேஜரிடம் வாக்குவாதம் வேண்டாம், பேப்பர் அவர்கள் கையில் இருக்கிறது. வழக்கம்போலக் கூப்பிடு, அம்மா பேசாவிட்டாலும் நான் இருக்கிறேன், என்னோடு பேசு. இந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் போனில் ஒன்றும் கேட்காதே.

பத்மநாபசுவாமி உன்னைக் காப்பாற்றட்டும். தீர்க்காயுசாக இருப்பாய். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எப்போது வந்தாலும் காலிங்பெல்லை அடிக்காதே, நேரே உள்ளே நுழையாதே. ஜன்னல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்பா வந்தாச்சா என்று மெதுவாக அவளிடம் கேள். நான் உள் அறையில் இருப்பேன், அவளாகக் கதவைத் திறந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறவரை வெளியே வரமாட்டேன்.

ஆசீர்வாதத்துடன்
அப்பா
பட்டாபி
(அம்மா பாகீரதிக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்)